மூணு லட்ச ரூபா வண்டியும் முக்கால் இஞ்சு முள்ளும்

என்னலே பேராண்டி, மூஞ்சியில காத்து எறங்கிக் கிடக்கு? ஓகோ, வண்டியிலதான் எறங்கிருச்சா? நான்கூட வீட்டுல என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். பஞ்சரானதுக்கா இம்புட்டு ஒப்பாரி? உக்காரு. இது அழுகிற சோலி இல்ல.

உன் வயசுப் பயலுக எங்க ரோட்டுல நெதமும் போறாங்க. விளாத்திகுளத்துல இருந்து சாயல்குடிப் பக்கம் போற ரோடு. சனி ஞாயிறுன்னா கூட்டங் கூட்டமா வருவாங்க. அது பயணம் இல்லையாம், ரைடாம். நாங்க வண்டியெடுத்தா உரம் வாங்கப் போறது. நீங்க எடுத்தா ரைடு. சரி, பேரு வச்சவன் நல்லா இருக்கட்டும்.

முழங்கைக்கு ஒரு கவசம், முழங்காலுக்கு ஒரு கவசம். கைக்கு உறை. தலைக்கவசத்து உச்சியில ஒரு கேமரா. முதுகுல தண்ணிப்பை, அதுல இருந்து வாய்க்கு ஒரு குழாய். தாகம் எடுத்தா வண்டிய நிப்பாட்டிக் குடிச்சா என்ன, ரோடு எந்திரிச்சு ஓடிருமா? ஹெல்மெட்டை மட்டும் நான் கேலி பண்ணமாட்டேன். தலைக்குள்ள இருக்கிறதைக் காப்பாத்தணும்ல. உள்ள இருக்கோ இல்லையோ, ஒரு நம்பிக்கைதான்.

இம்புட்டும் இருக்கு. வண்டி வாங்கும்போது ஒரு சின்னப் பையில ரெண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வச்சுக் கொடுத்தாங்களே, அது எங்கன்னு கேட்டுப் பாரு. "அப்பிடி ஒண்ணு இருக்கா தாத்தா?"ங்கிறான்.

டயரு படுத்ததும் பயபுள்ள என்ன செய்றான்? மொதல்ல போட்டோ. டயரை மட்டும் எடுத்தாலும் சரி, பக்கத்துல குத்தவச்சு தன்னையும் சேத்து எடுக்கிறான். அதை ஊருக்கெல்லாம் அனுப்புறான். சென்னையில இருந்து ஒருத்தன் "ஸ்ட்ராங்கா இரு ப்ரோ"ங்கிறான். கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தன் அழுவுற பொம்மை போடுறான். அதுல ஒருத்தனாச்சும் பம்பைத் தூக்கிட்டு வாரானா? பெறகு செயலியத் தொறக்கிறான். மதுரையில இருந்து ஆள் வரும், மூணு மணி நேரம் ஆகும்னு அது சொல்லுது. இவனும் வேகாத வெயில்ல நிக்கிறான்.

அங்கன இருந்து ரெண்டு பர்லாங்குல ஒரு வேப்பமரம். கிளையில பழைய டயரு ஒண்ணு தொங்குது. அதுல வெள்ளைப் பெயிண்டுல "பஞ்சர்"னு எழுதி, கீழ ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறி செயலிக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிற கிழவிக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எதுக்குச் சொன்னாங்க? உன் வாயிலதான் தண்ணிக்குழாய் இருக்கே, எங்கிட்டுப் போயிப் பேச!

சரி, குத்துனது என்னன்னு பாத்தியா? எங்க பக்கம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளுதான். வேலி, கண்மாய், ஓடைக்கரை, எங்க பாத்தாலும் அதுதான நிக்குது. அது இந்த மண்ணுல பொறந்தது இல்ல. 1877-ல ஜமைக்காவுல இருந்து விதை கொண்டாந்து வெள்ளைக்காரன் போட்டது. நாங்களும் சும்மா விடல. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வித்துச் சோறு தின்னோம். வெறகை டிராக்டர்ல ஏத்திட்டுப் போறப்ப வழிநெடுக ஒண்ணு ரெண்டு குச்சி சிந்தத்தான் செய்யும். பச்சை முள்ளுன்னா வளைஞ்சு கொடுக்கும். காஞ்ச முள்ளு வளையாது. டயரு மூணு லட்ச ரூபா வண்டியோடதா, மூவாயிரம் ரூபா வண்டியோடதான்னு விலைச்சீட்டை வாசிச்சிட்டா குத்தும்?

எங்க காலத்துல லாட ஆணிதான் எமன். மாட்டுக்கு லாடம் அடிப்போம். தேஞ்சு கழண்டா ஆணி ரோட்டுலதான் கிடக்கும். மதுரையில டி.வி.எஸ். பஸ் ஓடுன நாள்ல, ரோட்டுல கிடக்கிற ஆணியப் பொறுக்கிறதுக்குன்னே பெரிய காந்தத்தைக் கட்டி ஒரு வண்டிய ஓட விட்டாங்கன்னு பழைய மதுரைக்காரங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல பஸ் விட ஆரம்பிச்ச மனுசன். பஞ்சரானா எப்பிடி ஒட்டுறதுன்னு எல்லாரும் யோசிச்சப்ப, ரோட்டுல ஆணி எதுக்குலே கிடக்கணும்னு யோசிச்சிருக்காரு பாரு. அது மூளை.

மூளைன்னதும் இன்னொருத்தரு ஞாபகம் வாராரு. காத்தடைச்ச டயரை உலகம் பூரா ஓட விட்டது யாருங்கிற? பெரிய இஞ்சினியரா? மாட்டு டாக்டருலே, மாட்டு டாக்டரு! ஜான் பாய்டு டன்லப். அயர்லாந்துல பெல்பாஸ்ட்டுங்கிற ஊர்ல மாடு குதிரைக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு பய மூணு சக்கரச் சைக்கிள்ல கல்லு ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கான். தகப்பன் மனசு கேக்குமா? ரப்பரைக் குழாயா ஒட்டி, காத்தை அடைச்சு, சக்கரத்துல சுத்திக் கட்டி விட்டாரு. 1888-ல காப்புரிமையும் வாங்கிட்டாரு. கொஞ்ச நாள்ல வந்து, "அய்யா, இதை 1845-லயே ராபர்ட் தாம்சன்னு ஒருத்தரு பதிஞ்சு வச்சிருக்காரு, உங்க உரிமை செல்லாது"ன்னுட்டாங்க. காப்புரிமையில காத்து எறங்கிப் போச்சு. டயரு மட்டும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

நம்ம ஊருக் கதையும் ஒண்ணு உண்டு. 1946-ல மாம்மன் மாப்பிள்ளைன்னு ஒருத்தரு திருவொற்றியூர்ல ஒரு கொட்டகை போட்டு விளையாட்டுப் பலூன் செஞ்சாரு. அதுதான் பின்னாடி எம்.ஆர்.எப். ஆச்சு. பலூன்ல தொழில் பழகுனவங்களுக்குத் தெரியும், காத்து எப்ப வேணா போகும்னு. உனக்குத்தான் தெரியல.

இப்பக் காரியத்துக்கு வாரேன். நல்லாக் கேட்டுக்க.

ஓடுற வண்டியில காத்து போனா பின்பக்கம் வாலு ஆடும். இடுப்பு தன்னால நெளியும். பதறிப் போயி பிரேக்கை ஒரே மிதியா மிதிச்சிராத. ஆக்சிலேட்டரை விடு. ஹாண்டில்பாரை நேராப் பிடி. வேகம் தானாக் குறையட்டும். பின்சக்கரம் போயிருந்தா முன்பிரேக்கை மெதுவாப் பிடி. முன்சக்கரம் போயிருந்தா பின்பிரேக்கை மெதுவா மிதி. நல்லா இருக்கிறவன்கிட்டத்தான் வேலை வாங்கணும், படுத்தவனைப் போட்டு மிதிக்கக் கூடாது. ஓரங்கட்டி, வளைவைத் தாண்டி, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியிற இடமாப் பாத்து நிப்பாட்டு. நிழல் தேடி வளைவுக்குள்ள நிக்காத. இண்டிகேட்டரை எரிய விடு. நாலு வழிச் சாலையில ராத்திரி மாட்டிக்கிட்டா 1033-க்குப் போன் போடு, அது நெடுஞ்சாலை ஆணையத்து நம்பரு.

நிப்பாட்டுன்னா கேக்குறானா? "ரெண்டே கிலோமீட்டர்தான் தாத்தா, மெதுவா ஓட்டிட்டுப் போயிருறேன்." நொண்டுற காளை மேல நெல்லு மூட்டை ஏத்துவியாலே? காத்தில்லாத டயரு ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கும். உள்ள இருக்கிற டியூப் சுருண்டு இழுபடும். காத்தடிக்கிற மூக்கு பிஞ்சுரும். மூக்குப் பிஞ்ச டியூபை எந்தக் கொம்பனாலயும் ஒட்ட முடியாது. நிப்பாட்டியிருந்தா ஒரு ஒட்டோட போயிருக்கும். ஓட்டுனதால புது டியூப். நேரம் சரியில்லைன்னா டயரும் சேந்து போகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதுவும் ரெண்டு கிலோமீட்டருக்கு ஆத்திரப்படுறவனுக்குச் சுத்தமா இல்ல.

தள்ளிட்டுப் போக மூச்சு வாங்குதா? இஞ்சினை ஸ்டார்ட் பண்ணு, ஒண்ணாம் கியரைப் போடு, கிளட்சை லேசா விட்டுக்கிட்டே பக்கத்துல நட. வண்டி தன்னால நகரும். ஏறி உக்காந்திராத, நடன்னுதான் சொன்னேன்.

டியூப்லெஸ்னா கணக்கு வேற. ஆணி குத்துன இடத்துலயே நிக்கும். பாத்ததும் பிடுங்கணும்னு கை துறுதுறுங்கும். பிடுங்காத! ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்கிறதே அந்த ஆணிதான். அது இருக்கிற வரைக்கும் காத்து மெதுவாத்தான் கசியும். அடிச்சுப் பிடிச்சு ஓட்டாம உருட்டிட்டுப் போனா பக்கத்துக் கடைக்குப் போயிரலாம். குத்துனவனே காவக்காரன். சொந்தபந்தத்துலயும் இப்பிடிச் சில பேரு உண்டு, அதை இப்ப விடு.

கடைக்குப் போயிட்டியா? மொதல்ல அந்த "பாஸ்", "ப்ரோ" எல்லாத்தையும் ஹெல்மெட்டுக்குள்ள கழட்டி வையி. "அண்ணாச்சி"ன்னு கூப்பிடு. அவரு டீக் குடிச்சிக்கிட்டு இருந்தா குடிச்சு முடிக்கட்டும். உன் டயரு இதுக்கு மேல என்ன எறங்கப் போகுது?

எந்திரிச்சு வந்து அவரு மொதல்ல ஒண்ணு செய்வாரு பாரு. விரல்ல எச்சியத் தொட்டு வால்வு வாயில வைப்பாரு. குமிழி விட்டுச்சுன்னா முள்ளே குத்தல, வால்வு பின்னுதான் கசியுது. புதுப் பின்னைப் போட்டா முடிஞ்சுச்சு சோலி. நீயும்தான் ஆயிரக்கணக்குல கொடுத்து, காத்து குறைஞ்சா போனுக்குச் சேதி அனுப்புற மீட்டரை வால்வுல மாட்டியிருக்க. காத்து குறையுதுன்னு அது சொல்லுச்சு. ஏன் குறையுதுன்னு சொல்லுச்சா? அண்ணாச்சி எச்சி சொல்லும்.

குமிழி வரலையா? வண்டிய நிமித்தி நிறுத்தணும். உன் வண்டிக்குத்தான் சென்டர் ஸ்டாண்டே கிடையாதே, இருந்தா அழகு கெட்டுப் போகுமாம். அவரு ஒரு கட்டையக் கொடுத்து நிறுத்திக்குவாரு. ரெண்டு லீவரைப் போட்டு டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை உருவுவாரு. லேசாக் காத்தடிச்சு, தகரத் தொட்டித் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமா அமுக்கிச் சுத்துவாரு. அந்தத் தண்ணி இன்னிக்குப் பிடிச்சதா, போன தீவாளிக்குப் பிடிச்சதான்னு கேக்காத. ஓரிடத்துல பொடிப் பொடியாக் குமிழி கிளம்பும். இளவட்டப் பயன்னா "இந்தா இருக்கு"ன்னு டியூபை வெளிய தூக்கிருவான். அவரு தூக்கமாட்டாரு. அங்கன விரலை வச்சு அடையாளம் பண்ணிட்டு மிச்சத்தையும் சுத்தி முடிப்பாரு. ஒரே முள்ளு ரெண்டு இடத்துல குத்தியிருக்கும்னு அவருக்குத் தெரியும்.

பெறகு தொடைச்சு, காய விட்டு, உப்புத்தாளால தேய்ச்சு, சொல்யூசனைத் தடவி, சும்மா இருப்பாரு. ஆமாலே, சும்மாத்தான். சொல்யூசன் பாதி காயணும். ஈரத்தோட ஒட்டுனா நாளைக்கே ஒட்டு எந்திரிச்சுக்கும். நீ அப்பத்தான் "சீக்கிரம்ணே, லேட்டாகுது"ன்னு பறப்ப.

அந்த நேரத்துல அவரு கை இன்னொரு வேலை பாக்கும். டயருக்குள்ள விரலை விட்டு உள்பக்கத்தை ஒரு சுத்துத் தடவும். கண்ணு ரோட்டுல போற பஸ்ஸைப் பாத்துக்கிட்டு இருக்கும். ஓரிடத்துல விரல் நிக்கும். கொறடை எடுத்து இழுத்தாருன்னா, ஒடிஞ்சு உள்ள நின்ன முள்ளு முனை வெளிய வரும். மேல இருந்து பாத்தா உனக்குத் தெரியவே தெரியாது. அதை எடுக்காம டியூபைப் போட்டிருந்தா அடுத்த ஊர்ல மறுபடியும் படுத்திருப்ப. ஒட்டுறதை யாரு வேணாலும் ஒட்டிரலாம் ராசா. அந்தத் தடவல்தான் தொழில். அதை எந்த வீடியோவுல காட்டுறான் சொல்லு?

எல்லாக் கடையும் இப்பிடியான்னு கேட்டா, இல்ல. வில்லங்கக் கடையும் உண்டு. டியூப்லெஸ் டயரு மேல சோப்புத் தண்ணியத் தெளிச்சு, "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, மொத்தம் ஆறு"ன்னு எண்ணிக் காட்டுவான். ஒரு ஓட்டையோட வந்த டயருக்கு ஆறு எங்கிட்டு இருந்து வந்துச்சு? அவன் கையில இருக்கிற ஊசியத்தான் கேக்கணும். இதுக்கு மருந்து என்ன? கண்ணுதான். ஒரு ஓட்டைக்கு எம்புட்டுன்னு மொதல்லயே பேசிட்டு, டயரு பக்கத்துல குத்தவச்சு உக்காந்துக்க. போனை நோண்டாத. நீ போனைப் பாக்கப் பாக்கத்தான் அங்க ஓட்டை குட்டி போடும். அதுக்காக ஒவ்வொரு பஞ்சர் கடைக்காரனும் ராத்திரியில ஆணி தூவுறான்னு கிளம்பிராத. குத்துன முள்ளு காட்டுல வெளைஞ்சது, கடையில வெளைஞ்சது இல்ல.

இப்பக் காத்துக்கும் சாதி வந்துருச்சு, தெரியுமா? டவுன்ல "சாதாக் காத்தா, நைட்ரஜனா?"ங்கிறான். அடிச்சுட்டு வால்வுக்குப் பச்சை மூடி வேற போட்டு விடுறான். ஏரோப்ளேன் டயருக்கு அது வேணும், பந்தயக் காருக்கு வேணும், ஒத்துக்கிறேன். பால் சொசைட்டிக்குப் போற உனக்கு எதுக்குலே? நீ இழுக்கிற மூச்சுலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்னு பேத்தி பாடப் புஸ்தகத்துல இருந்து வாசிச்சுக் காட்டுனா. அப்ப மிச்சம் 22 பங்குக்குத்தான் காசு கொடுக்கிற. எந்தக் காத்துன்னு பாக்காத, எம்புட்டுக் காத்துன்னு பாரு. நூறு சிசி வண்டின்னா முன்னாடி 25, பின்னாடி 28 பவுண்டுன்னு கிட்டத்தட்ட நிக்கும். பின்னாடி ஆளு ஏறுனா பின்டயருக்குக் கூட வேணும். வண்டிக்கு வண்டி மாறும். செயின் கவர்லயோ பக்கத்துலயோ சீட்டு ஒட்டியிருக்கும், நீ மேல வேற என்னமோ ஸ்டிக்கரை ஒட்டி மறைச்சு வச்சிருப்ப. ஓட்டிட்டு வந்த சூட்டோட பாக்காத, காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாரு. காத்து குறைஞ்ச டயரு சூடேறும், சீக்கிரமாத் தேயும்.

டயருக்கு வயசு பாக்கத் தெரியுமா? பக்கவாட்டுல நாலு எண்ணு குத்தியிருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரத்துல செஞ்சது. பொண்ணு பாக்கப் போனா ஜாதகத்தைத் துருவித் துருவிப் பாக்குறோம், தெனமும் ஏறி உக்கார்ற டயரோட ஜாதகத்தை எவன் பாக்குறான்? பட்டன் பள்ளத்துக்குள்ள அங்கங்க சின்ன மேடு இருக்கும். டயரு தேஞ்சு தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துருச்சுன்னா அதுக்கு ஓய்வு கொடுத்துரு. மொழுமொழுன்னு ஆன டயரை வச்சுக்கிட்டு முள்ளைத் திட்டுறது நியாயமா?

ஒரு காலத்துல சேதக் ஸ்கூட்டர்ல ஸ்டெப்னி இருந்துச்சு. பஞ்சரானா வீட்டுக்காரரு நட்டைக் கழட்டுவாரு, வீட்டம்மா ஸ்கூட்டரைச் சாச்சுப் பிடிக்கும், பிள்ளைக நட்டைக் கையில வச்சு எண்ணிக்கிட்டு நிக்கும். கொஞ்ச நேரத்துல குடும்பமே ஏறிக் கிளம்பிரும். ஒருத்தரும் போட்டோ எடுக்கல. எடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

"அப்ப எதையும் வாங்க வேண்டாங்கிறியா தாத்தா?" நான் எப்பலே அப்பிடிச் சொன்னேன்? சார்ஜு போடுற சின்னப் பம்பு நல்ல சாமான். டியூப்லெஸ்ஸுக்குக் குச்சி சொருகுற கிட்டும் நல்ல சாமான். ஓட்டையத் தேய்க்கிற ஊசி ஒண்ணு, ரப்பர்க் குச்சியக் கோக்குற ஊசி ஒண்ணு, அம்புட்டுத்தான் அதுல. ஆனா வாங்குன அன்னிக்கே அண்ணாச்சிகிட்ட ஒரு பழைய டயரை வாங்கி, ஒருக்கா சொருகிப் பழகிக்க. குத்துனப்ப வீடியோ பாத்துக்கலாம்னு இருந்தா, டவர் எடுக்காத இடமாப் பாத்துத்தான் அது குத்தும். பம்புக்குச் சார்ஜு போட்டியா? போடமாட்ட. கேமராவுக்குப் போட்டிருப்ப.

கடைசியா ஒண்ணு. மேல்சட்டைப் பையில ரெண்டு நூறு ரூபா நோட்டை மடிச்சு வச்சுக்க. அண்ணாச்சி கடையில ஸ்கேன் பண்ற அட்டை தொங்கத்தான் செய்யும், உன் போன்ல கோடு ஒண்ணுகூட நிக்காது. மீதி பத்து இருபதைத் திருப்பிக் கேட்டு நிக்காத, டீக்கு வச்சுக்கிடச் சொல்லு.